ஒத்த ஆள் தூக்கற பெட்டி

ரேணுகா: ...அதுக்குன்னு ட்ரையர் பக்கத்துலயா கொண்டுபோய் வெப்பாங்க? டிஜே பெட்டி என்ன தேயிலைக் கொழுந்தாண்ணா?

பாலன்: வேற என்ன பண்றது ரேணு? மஞ்சூர் பஸ்சுல அந்த ஜன்னல் மூடவே மாட்டேன்னுருச்சு. மிஸ்ட்டு பூராவும் உள்ள. ஊட்டுல வந்து பெட்டியத் தொறந்தா வேர்த்து ஊத்துது. டீ பேக்டரியில கொழுந்து காயற அந்த எடத்துலதான் சூடு நல்லா இருக்கும். காயட்டுமேன்னு வெச்சேன்.

ரேணுகா: காஞ்சுது. நல்லாவே காஞ்சுது.

சில்வஸ்டர்: தம்பி, மூடியக் கழட்டிப் பாத்துட்டேன். சத்தத்த ஏத்தி எறக்கற ஃபேடர் ஓடற சந்து பூரா தேயிலைத் தூளு. திருகற குமிழெல்லாம் வெல்லப்பாகு மாதிரி எளகிக் கெடக்குது. இந்தக் காந்தல் ஊருல இத்தனை வருசமா சவுண்டு சர்வீஸ் கடை வெச்சிருக்கேன்... பெட்டியத் தட்டுனா டீத்தூள் கொட்டறத இன்னிக்குத்தான் பாக்கறேன்.

ரேணுகா: எத்தனை கிளாசு போடலாம்ணே?

சில்வஸ்டர்: நாம மூணு பேருக்கும் தாராளமா ஆகும் அம்மிணி. நல்ல டஸ்ட்டு.

பாலன்: சிரிங்க, சிரிங்க.

ரேணுகா: அது கெடக்கட்டும். பேக்டரிக்குள்ள உன்னை யாருண்ணா விட்டது?

பாலன்: ம்... நம்ம ஜஸ்டஸ்தான்.

ரேணுகா: கேட்டுல நிக்கற ஜஸ்டஸா? அம்மா தெனம் கொழுந்து எடை போட்டுட்டு வருது, அதையே வாசல் தாண்ட விடமாட்டான். உன்னை ட்ரையர் வரைக்கும் விட்டானாக்கும்?

பாலன்: விட்டான்... ஏதோ விட்டான். இப்ப அதா முக்கியம்? ஞாயித்துக்கெழமை மஞ்சூர்ல ரிசப்ஷன். இன்னிக்குப் புதுப் பெட்டி எடுக்கலேன்னா, மாப்ள ஊட்டுக்காரங்க நம்மள மேடையில ஏத்தி வாயால வாசிக்கச் சொல்லுவாங்க. சில்வஸ்டர் அண்ணே, நீங்க சரக்கக் காட்டுங்க.

சில்வஸ்டர்: இருக்கறது ரெண்டே ரெண்டு மாடல்தான். இந்தா, இது பெருசு. நாலு சேனலு. வட்டு அகலமா இருக்கும், கைக்கு நல்லா சுத்தும். ஹால் ஸ்பீக்கருக்கு ஒரு லைனு, மேடைக்குத் தனியா ஒரு லைனு. ஆனா இதையும் உங்க பழசு மாதிரி ரெண்டு ஆளு, ரெண்டு பக்கமும் புடிச்சுத் தூக்கணும்.

ரேணுகா: அந்தச் சின்னது?

சில்வஸ்டர்: இதுவா? ரெண்டு சேனலு. ஸ்கூல் பையில போயிரும். லேப்டாப்புல ஒரு ஒயரச் சொருகுனா, அதுலயே கரண்ட்டு எடுத்துக்கும். சின்னப் பெட்டிகள்ல மைக் சொருகற எடமே இருக்காது, இதுல அதும் இருக்குது. எஸ்டேட்டுல கரண்ட்டு போனாலும் இது நிக்காது.

ரேணுகா: ஸ்பீக்கரு நின்னுருமேண்ணே.

சில்வஸ்டர்: அம்மிணி, யாவாரம் பேசறப்ப குறுக்க வராத.

பாலன்: அண்ணே, யோசனையே இல்ல. பெருசு குடுங்க.

ரேணுகா: ஆமா, பெருசுதான். சின்னத வெச்சுட்டு நின்னா கால்குலேட்டர் தட்டற மாதிரி இருக்கும்.

பாலன்: அதான! என் தங்கச்சி நின்னு வாசிக்கறப்ப பெட்டி மேடைய ரொப்பி நிக்க வேணாமா?

ரேணுகா: அண்ணனுக்கும் பெருசுதான் புடிக்கும்ணே.

சில்வஸ்டர்: நல்லா யோசிங்க. மஞ்சூர் பஸ்சு, அதுக்கப்புறம் எறக்கம், படிக்கட்டு, எஸ்டேட் லயத்து ஊடு... அத்தனையும் தூக்கணும்.

பாலன்: ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் இவ. பழகுனதுதான. எப்படியும் இவள நான் தனியா எங்கயும் விடமுடியாதுங்கண்ணே. அம்மா என் பொறுப்புல விட்டிருக்குது. 'பாலன் கூடப் போனா போ, இல்லேன்னா ஊட்டுல கெட'ன்னு மொத நாளே சொல்லிருச்சு.

ரேணுகா: ...ஆமா. உன் பொறுப்புலதான்.

பாலன்: லேசுப்பட்ட பொறுப்பா? நிகழ்ச்சி முடிஞ்சா போதும், இவளுக்குத் தலைவலி வந்துரும். பந்தியில பிரியாணி மணக்கும், பசங்க பின்னால இருந்து கூப்புடுவாங்க, இவ 'ஊட்டுக்குப் போலாம், ஊட்டுக்குப் போலாம்'னு கையப் புடிச்சு இழுப்பா. ஒரு கல்யாணத்துலயாவது நிம்மதியா உக்காந்து சாப்பிட்டிருக்கனா கேளுங்க.

ரேணுகா: சாப்பிடத்தான் பசங்க கூப்புட்டாங்களா?

பாலன்: சரி சரி. இருங்க, நான் போய் டீயும் வர்க்கியும் வாங்கிட்டு வர்றேன். அண்ணே, பெருச எடுத்துத் தொடைச்சு வைங்க.

ரேணுகா: வர்க்கி சூடா இருந்தா மட்டும் வாங்கு!

...

ரேணுகா: போயிட்டானா?

சில்வஸ்டர்: ரோட்டத் தாண்டிட்டான்.

ரேணுகா: அண்ணே, உங்களக் கும்புட்டுக்கறேன். அந்தப் பெருச அவனுக்குக் குடுக்காதீங்க.

சில்வஸ்டர்: ஏன் அம்மிணி? இப்பத்தான கால்குலேட்டர்னு...

ரேணுகா: அது அவன் மனசு நோகக்கூடாதுன்னு சொன்னது. எனக்குச் சின்னதுதான் வேணும். பையில போட்டுத் தோள்ல மாட்டிட்டு நான் ஒருத்தியே போற மாதிரி.

சில்வஸ்டர்: எங்க போற?

ரேணுகா: மெதுவாப் பேசுங்கண்ணே... குன்னூர்ல ஒரு ரிசப்ஷன்ல நான் வாசிச்சத வனிதா மேடம்னு ஒருத்தங்க பாத்தாங்க. பெங்களூர்ல கம்பெனி வெச்சிருக்காங்க. அவங்ககிட்ட எல்லாமே பொம்பளப் புள்ளைங்க டிஜேதான். இந்த வாரம் கொச்சின்னா அடுத்த வாரம் கோவா. பிளேன்ல கையோட கொண்டு போற சைசுல பெட்டி இருக்கணும்னு சொன்னாங்க.

சில்வஸ்டர்: அட்ரா! நல்ல சேதிதான! இதச் சொல்லவா இத்தனை பயம்?

ரேணுகா: இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லணும்ணே. எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. போகணும்னு அவ்வளவு ஆசையா இருக்குது... ஆனா அண்ணனை விட்டுட்டு எப்படிப் போறது?

சில்வஸ்டர்: அவன் என்ன கைக்குழந்தையா?

ரேணுகா: உங்களுக்குத் தெரியாதுண்ணே. இந்தத் தொழில ஆரம்பிச்சதே அவன்தான். இதுவும் போச்சுன்னா அவன்... வேணாம் விடுங்க. நீங்க பெருசுல ஏதாச்சும் குறை சொல்லுங்க. சின்னதுதான் நல்லதுன்னு உங்க வாயால வரட்டும். கைக்கு பெட்டி வந்துட்டா எனக்கு எப்படியாச்சும் தைரியம் வந்துரும்.

சில்வஸ்டர்: நான் பொய் சொன்னா மூஞ்சியில எழுதி ஒட்டிருக்கும் அம்மிணி.

ரேணுகா: அய்யோ, வர்றான்! தொடைங்க, தொடைங்க!

பாலன்: இந்தாங்க, வர்க்கி. கைய வெச்சா சுடுது. என்ன ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க?

சில்வஸ்டர்: முழிக்கலயே. பெட்டியத் தொடைக்கறேன்.

பாலன்: கையில சின்னப் பெட்டி இருக்குது, பெருசுன்னு சொன்னேன்ல?

சில்வஸ்டர்: இதும் தூசிதான் தம்பி.

ரேணுகா: எனக்கு போன் வருது... அலோ... அலோ மேடம், கேக்கல... கடைக்குள்ள டவர் இல்லீங்க... அண்ணா, நான் வெளிய நின்னு பேசிட்டு வந்துடறேன்.

பாலன்: யாரு, மேடமாம்?

ரேணுகா: அது... தையக்கடை மேடம். ரவிக்கை.

...

பாலன்: அண்ணே.

சில்வஸ்டர்: சொல்லு தம்பி.

பாலன்: அண்ணே, தயவுபண்ணி அந்தப் பெருச எங்க தலையில கட்டிறாதீங்க.

சில்வஸ்டர்: கர்த்தாவே!

பாலன்: என்னாச்சு?

சில்வஸ்டர்: ஒண்ணுமில்ல, டீ சுட்டுருச்சு. சொல்லு. உனக்கென்ன?

பாலன்: பேக்டரிக்குள்ள எப்படிப் போனேன்னு கேட்டாள்ல... எனக்கு அங்கயே வேலை போட்டுட்டாங்கண்ணே. கொழுந்து லாரிக்கு டிரைவரு. பர்மனென்ட். ஒண்ணாந்தேதில இருந்து. காலையில வெள்ளனவே லாரிய எடுக்கணும். இனி ராத்திரி கல்யாணம், ரிசப்ஷன்னு எங்கயும் சுத்த முடியாது.

சில்வஸ்டர்: இதத் தங்கச்சிகிட்டச் சொல்றதுக்கென்ன?

பாலன்: எப்படிச் சொல்றது? நான் வரலேன்னா அவளை ஊட்ட விட்டு யாரு வெளிய விடுவா? அவ வாசிக்கறதே என்னாலதான் நடக்குது. நான் கைய விட்டா அவ தொழிலே போச்சு. மூட்டையாட்டம் இது நெஞ்சுலயே கெடக்குதுண்ணே. சாப்பாடு எறங்கல.

சில்வஸ்டர்: அப்ப சின்னப் பெட்டி எதுக்கு?

பாலன்: அதுன்னா ஒத்த ஆள் தூக்கலாம்ல? ஜீப்புல, பஸ்சுல அவளே வெச்சுகிட்டுப் போலாம். பெட்டி தூக்கத்தான் அண்ணன்காரன் வேணும்னு இல்லாமப் போயிரும். அம்மாகிட்ட நான் மெல்லப் பேசி... ஆனா மொதல்ல பெட்டி. நானாச் சின்னது வாங்குனா 'ஏன் திடீர்னு'ன்னு தோண்டித் துருவுவா. நீங்களாச் சொல்ற மாதிரி சொல்லுங்க.

சில்வஸ்டர்: சரி தம்பி... ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. டிஜேய விட்டுட்டுப் போறதுல உனக்கு வருத்தமில்லையா?

பாலன்: வருத்தமா? அண்ணே, யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. ஆரம்பத்துல பசங்களோட ஜாலியாத்தான் இருந்துச்சு. அப்புறம் காது பிஞ்சு போச்சு. எல்லா நிகழ்ச்சிலயும் காதுல பஞ்ச வெச்சுகிட்டுத்தான் நிக்கறேன்.

சில்வஸ்டர்: அடப்பாவி!

பாலன்: ச்சூ... வந்துட்டா.

ரேணுகா: என்ன பாவம்?

பாலன்: வர்க்கி. கடைசி வர்க்கிய நான் தின்னுட்டேன்.

ரேணுகா: என்ன முடிவு பண்ணுனீங்க? பெருசு பேக் பண்ணியாச்சா?

பாலன்: ஆமாண்ணே, பெருச பேக் பண்ணிருங்க... நீங்க எதும் சொல்லணும்னா சொல்லுங்க.

ரேணுகா: ஆமாண்ணே, எதும் சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க.

சில்வஸ்டர்: ம்ம்... அது வந்து... இந்தப் பெருசு இருக்குது பாருங்க... இது மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் நல்லா வேலை செய்யும்.

பாலன்: அப்படீங்களா!

சில்வஸ்டர்: மலை ஏறுனா... பாட்டு கொஞ்சம் தடுமாறும். குளிருக்கு ஆகாது.

ரேணுகா: நானும் கேள்விப்பட்டேண்ணே. குளிருக்கு ஆகவே ஆகாதாம்.

பாலன்: அப்ப எப்படிங்க வாங்கறது? நாம இருக்கறதே குளிருல. விட்டுருவோம் ரேணு.

ரேணுகா: விட்டுரலாம்ணா. எனக்கு வருத்தமே இல்ல.

பாலன்: எனக்கும் துளி கூட இல்ல. அண்ணே, அந்தச் சின்னத எடுங்க.

ரேணுகா: டக்குனு எடுங்கண்ணே.

சில்வஸ்டர்: போதும் சாமி! அம்மிணி, நீ பெட்டியப் பிரிச்சு மாட்டற புள்ள. ஒரு மெஷினு மேட்டுப்பாளையம் செக்போஸ்ட்டத் தாண்டுனா வேலை செய்யாதுன்னு நான் உளர்றேன், நீ 'ஆமா, கேள்விப்பட்டேன்'ங்கற. தம்பி, நீ கடைக்குள்ள வந்ததுல இருந்து பெருசு பெருசுன்னு குதிச்ச. இப்ப வருத்தம் துளி கூட இல்லையா? ரெண்டு பேரோட ரகசியத்தையும் ஒரே வயித்துல வெச்சிருக்க என்னால ஆகாது. நீங்களாச் சொல்றீங்களா, நான் சொல்லட்டா?

பாலன்: ரெண்டு பேரோடதா?

ரேணுகா: ரெண்டு பேரோட ரகசியமா?

சில்வஸ்டர்: ஆமா!

பாலன்: ரேணு... நீ என்னத்த மறைக்கற?

ரேணுகா: நீ மொதல்ல சொல்லு.

பாலன்: நீ சொல்லு.

ரேணுகா: எனக்கு பெங்களூர்ல வேலை கெடைச்சிருக்குதுண்ணா!

பாலன்: எனக்கு லாரி கெடைச்சிருக்குது ரேணு!

சில்வஸ்டர்: அப்பாடா!

ரேணுகா: என்ன லாரி?

பாலன்: என்ன பெங்களூரு?

ரேணுகா: டிஜே வேலைண்ணா. ஊர் ஊராப் போகணும். வனிதா மேடம்தான் இப்பக் கூப்புட்டாங்க, சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். ரவிக்கையெல்லாம் பொய்யி... நீ என்ன சொல்ற? பேக்டரி லாரியா? கொழுந்து லாரியா?

பாலன்: பர்மனென்ட் புள்ள. சாவி கையில குடுத்துட்டாங்க. அதான் ஜஸ்டஸ் உள்ள விட்டான்.

ரேணுகா: அண்ணா! இத ஏண்டா... ஏண்ணா எங்கிட்ட மறைச்ச?

பாலன்: 'டா'ன்னே சொல்லு, இன்னிக்கு விட்டுடறேன். நான் வரலேன்னா உன் வாசிப்பு நின்னு போயிருமேன்னுதான். நீ ஏன் மறைச்ச?

ரேணுகா: நான் போயிட்டா நீ ஒடைஞ்சு போயிருவியேன்னுதான்.

பாலன்: நானா? எனக்கு அந்தச் சத்தத்தக் கேட்டாலே...

சில்வஸ்டர்: சொல்லிரு தம்பி. பஞ்சையும் சொல்லிரு.

ரேணுகா: என்ன பஞ்சு?

பாலன்: காதுல... வெச்சுக்குவேன். நீ வாசிக்கறப்ப.

ரேணுகா: எப்பவுமா?

பாலன்: எப்பவும்னு இல்ல... மைக் டெஸ்ட் பண்றப்ப எடுத்துருவேன்.

ரேணுகா: அப்ப ஒவ்வொரு தடவையும் 'செம ரேணு, பின்னிட்ட'ன்னு கை தட்டுனது?

பாலன்: சனம் ஆடுதுல்ல, அதப் பாத்துத்தான். பாட்டிகூட ஆடுனாங்கன்னா பின்னிட்டன்னு சொல்லுவேன்.

ரேணுகா: அடேய்!

சில்வஸ்டர்: அடிக்காத, அடிக்காத, பெட்டி மேல விழுந்துருவான்!

ரேணுகா: சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வருதுண்ணே... எத்தனை நாளா இத மனசுல வெச்சுகிட்டுப் புழுங்கிப் புழுங்கிச் செத்துட்டிருந்தேன் தெரியுமா? இப்பத்தான் மூச்சே வருது.

பாலன்: எனக்கும்தான். இன்னொரு வர்க்கி தின்னலாம்போல இருக்குது. அண்ணே, சின்னத பேக் பண்ணுங்க. ஞாயித்துக்கெழமை அதுலயே வாசிக்கட்டும். நாந்தான் தூக்கிட்டு வருவேன், கடைசித் தடவை.

ரேணுகா: பஞ்சு இல்லாம நிக்கணும்.

பாலன்: நிக்கறேன். சத்தியமா... ஆனா ரேணு, அம்மா?

ரேணுகா: ம்...

பாலன்: அதான மெயினு. நான் கூட இல்லாம உன்னை அவ்வளவு தூரம் அம்மா எப்படி விடும்? குடு போன, நான் பேசறேன். உனக்குக் காவலா இருந்தவன் நாந்தான. 'என் தங்கச்சி தைரியக்காரி, தனியா இருந்துக்குவா, நான் பொறுப்பு'ன்னு நானே சொல்றேன்.

ரேணுகா: வேணாம்ணா. நீ பேசாத. அம்மாகிட்ட நானே பேசிக்கறேன்.

பாலன்: ஏன் இப்படிப் பதர்ற?

ரேணுகா: பதறல... ஊட்டுக்குப் போய் நிதானமாப் பேசிக்கலாம்.

பாலன்: சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னு நீதான சொன்ன. இல்லீங்கண்ணே?

சில்வஸ்டர்: ஆமாந்தம்பி. இன்னிக்கேதான்.

பாலன்: பாத்தியா. குடு இங்க, டவர் கெடைக்கற வாசலுக்கு வாங்க... ரிங் போகுது. ஸ்பீக்கர்ல போடறேன், மூணு பேரும் கேக்கலாம். நீயே பேசு, நான் தேவைப்பட்டா நடுவுல வர்றேன்.

ரேணுகா: அண்ணா, ஸ்பீக்கர் வேணாம்...

மருதாம்பாள்: அலோ... ரேணு! என்னடி, பெட்டி வாங்கிட்டீங்களா?

ரேணுகா: அலோ... வாங்கிட்டோம்மா. சின்னதா ஒண்ணு. அம்மா, அந்த பெங்களூர் வேலை... இன்னிக்குள்ள சொல்லணுமாம்மா.

பாலன்: (அம்மாவுக்கு முன்னாலயே தெரியுமா?)

மருதாம்பாள்: அதப் பேசத்தான் நானும் மத்தியானத்துல இருந்து கூப்புடணும்னு இருந்தேன். அண்ணன் பக்கத்துல இருக்கானா?

ரேணுகா: அது வந்தும்மா...

பாலன்: (இல்லேன்னு சொல்லு. சொல்லு!)

ரேணுகா: ...இல்லம்மா. வெளிய போயிருக்கான்.

மருதாம்பாள்: அப்பக் கேட்டுக்க. நீ வேலைய ஒத்துக்க, நான் சந்தோசமா அனுப்பறேன். நேத்து அவன் லாரி ஓட்டிப் பழகறத மலைச்சரிவுல கொழுந்து எடுத்துகிட்டே நாங்க எல்லாரும் பாத்தோம்டி, அவனுக்குத் தெரியாது. வளைவுல எவ்வளவு பதனமாத் திருப்பறான்! அப்பத்தான் எனக்கு நெஞ்சு ஆறுச்சு. அன்னிக்குப் பசங்களோட குடிச்சுட்டு மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுல பனியில வெறைச்சுக் கெடந்தான், தூக்கிட்டு வந்தோம். அதுக்கப்புறம்தான அவன் கூடவே போ, கூடவே கூட்டிட்டு வான்னு உன்னை அவனுக்குக் காவலா அனுப்புனேன். இத்தனை கல்யாணத்துக்கும் போய், ஒரு தடவை கூடத் தப்ப விடாம அவனை எங்கிட்டக் கொண்டாந்து சேத்துட்ட. போதும் சாமி, இனி அவனுக்குக் காவல் வேணாம், நீ உன் பொழப்பப் பாரு. ஆனா, தங்கச்சிக்குத் தாந்தான் காவல்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியறான். அது அப்படியே இருக்கட்டும், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத, பாவம், வருத்தப்படுவான்.